24 வோல்ட் சுற்றிலிருந்து தொடங்குங்கள்: தொழிற்சாலை மின்னணுவியலின் அடிப்படை

உற்பத்தி வரிசையில் ஓர் இயந்திரம் நின்றுவிட்டால் முதல் பழி அதை இயக்கும் சிறு கணினியான பிஎல்சி மேல்தான் விழும். லேப்டாப்பை எடுத்துவந்து புரோகிராமைத் திறந்துவைத்துப் பார்ப்பார்கள். நேற்று இரவு ஷிப்ட் முழுக்க ஓடிய புரோகிராம் இன்று காலையில் தானாக மாறிவிடாது. மாறியிருப்பது பெரும்பாலும் அதற்கு வெளியே இருக்கும் ஏதோ ஒன்று: கூலன்ட் புகுந்த சென்சார் கனெக்டர், அதிர்வில் தளர்ந்த டெர்மினல் ஸ்க்ரூ, கேபிள் செயினுக்குள் அறுந்துபோன வயர், காண்டாக்ட் கருகிய ரிலே (காயில் எனும் கம்பிச் சுருளில் மின்சாரம் வந்தால் காண்டாக்டை மாற்றும் சுவிட்ச்). இவை அத்தனையும் இருப்பது 24 வோல்ட் டிசி கன்ட்ரோல் சுற்றில்.

எனவே தொழிற்சாலை வேலைக்கென்று மின்னணுவியல் கற்பவர் டிரான்சிஸ்டர் கோட்பாட்டையும், பிஎல்சிக்கு ஏணி வடிவில் எழுதும் லேடர் புரோகிராமையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 24 வோல்ட் பிளஸ்ஸில் புறப்படும் மின்னோட்டம் எந்தெந்த டெர்மினல் வழியாகப் போய் 0 வோல்ட்டுக்குத் திரும்புகிறது என்பதை வரைபடத்திலும் பேனலிலும் விரல் வைத்துக் காட்டத் தெரிவதுதான் முதல் பாடம். பிஎல்சியே இந்தப் பாடத்தின் மேல் எழுந்ததுதான். 1968-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு ரிலே பேனல்களுக்கு மாற்று கேட்டபோது உருவானது மோடிகான் 084 என்ற பிஎல்சி. ரிலே வரைபடம் படித்துப் பழகிய எலக்ட்ரீஷியன் அதையும் படிக்க வேண்டும் என்பதற்காகவே லேடர் வடிவம் வந்தது. ரிலே புரியாதவருக்கு லேடர் வெறும் படமாகவே நின்றுவிடும்.

பவர் சப்ளையும் அதன் பிடிவாதமும்

பேனலுக்குள் வருவது 415 வோல்ட் மூன்று ஃபேஸ். அதில் ஒரு ஃபேஸையும் நியூட்ரலையும் எடுத்து எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை 24 வோல்ட் டிசி ஆக்குகிறது. எத்தனை ஆம்ப் வேண்டும் என்பதை வெறும் கூட்டலில் கண்டுபிடிக்கலாம். சென்சார் ஒன்றுக்கு 15 மில்லி ஆம்ப் என்றால் 20 சென்சாருக்கு 0.3 ஆம்ப். மின்காந்தக் காயிலால் திறந்து மூடும் 4.8 வாட் சோலினாய்டு வால்வு ஒன்றுக்கு 0.2 ஆம்ப், ஒரே நேரத்தில் பத்து வால்வு இயங்கினால் 2 ஆம்ப். சிறிய பிளக்-இன் ரிலே ஒன்று ஏறக்குறைய 37 மில்லி ஆம்ப் எடுக்கும், பத்துக்கு 0.37. பிஎல்சிக்கும் ஹெச்எம்ஐ திரைக்கும் சேர்த்து 1 ஆம்ப் வைத்தால் மொத்தம் 3.7 ஆம்ப் வருகிறது. இதற்கு 5 ஆம்ப் எஸ்எம்பிஎஸ் சரி. 4 ஆம்ப் போட்டால் வெயில் காலத்தில், பேனல் ஃபேன் அடைத்துக்கொண்ட நாளில், அது கைவிட்டுவிடும்.

ஷார்ட் ஆகும்போது எஸ்எம்பிஎஸ் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 24 வோல்ட் வரிசையில் 6 ஆம்ப் சி வகை எம்சிபி (மின்னோட்டம் மீறினால் தானே டிரிப் ஆகி அணையும் சுவிட்ச்) போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சி வகை உடனே டிரிப் ஆக அதன் ரேட்டிங்கைப்போல் 5 முதல் 10 மடங்கு மின்னோட்டம் வேண்டும், அதாவது குறைந்தது 30 ஆம்ப். டிசியில் இந்த அளவு இன்னும் கூடுதல். 5 ஆம்ப் எஸ்எம்பிஎஸ் ஷார்ட்டில்கூட அதன் ரேட்டிங்குக்குச் சற்று மேலேதான் தரும். பிறகு தன்னைக் காத்துக்கொள்ள வோல்டேஜை இறக்கிவிடும். எம்சிபி டிரிப் ஆகாது. எங்கோ ஒரு சென்சார் கேபிள் நசுங்கியதற்குப் பேனல் முழுக்க இருண்டுபோகும். பிஎல்சி அணைந்து அணைந்து எரியும். எஸ்எம்பிஎஸ் விளக்கு கண்சிமிட்டும். பார்ப்பவர் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று கழற்றி மாற்றுவார். புதியதும் அதே மாதிரி கண்சிமிட்டும்.

ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி ஃபியூஸ் டெர்மினல் வைத்து, சென்சார் கிளைகளுக்கு 1 ஆம்ப் வேக ஃபியூஸ் போட்டுவிட்டால் பழுதான கிளை மட்டும் விழும், மற்றவை ஓடும். இதற்கென்றே வரும் எலக்ட்ரானிக் சர்க்யூட் பிரேக்கர் இன்னும் நல்லது. பழுது தேடும்போது கிளை ஃபியூஸ்களை ஒன்றொன்றாகத் திறந்துகொண்டே போங்கள். எதைத் திறந்ததும் 24 வோல்ட் திரும்புகிறதோ அந்தக் கிளையில்தான் ஷார்ட்.

எஸ்எம்பிஎஸ்ஸின் 0 வோல்ட்டை ஒரே ஓரிடத்தில் எர்த்துடன் இணைக்க வேண்டும். இதன் பின்னால் உயிர் சம்பந்தப்பட்ட காரணம் இருக்கிறது. எர்த் செய்யாத சுற்றில் ஸ்டாப் பட்டனுக்கு முன்னால் ஒரு வயர் தோல் உரிந்து இயந்திர உடலைத் தொட்டால் எதுவும் நடக்காது, யாருக்கும் தெரியவும் தெரியாது. சில மாதம் கழித்து ஸ்டாப் பட்டனுக்குப் பின்னால் இன்னொரு வயர் உடலைத் தொட்டால், இயந்திரத்தின் இரும்பு உடலே ஸ்டாப் பட்டனைத் தாண்டிப் பாலமாகிவிடும். பட்டனை அழுத்தினாலும் இயந்திரம் நிற்காது. 0 வோல்ட் எர்த் ஆகியிருந்தால் முதல் உரசலிலேயே ஃபியூஸ் போய்விடும். காண்டாக்ட்கள் எல்லாம் பிளஸ் பக்கம் இருக்க வேண்டும், காயிலின் மறுமுனையான ஏ2 நேராக 0 வோல்ட்டுக்குப் போக வேண்டும் என்ற விதியும் இதைச் சேர்ந்ததே. காண்டாக்டை 0 வோல்ட் பக்கம் வைத்தால், காயிலுக்கும் காண்டாக்டுக்கும் நடுவே வரும் ஓர் எர்த் பழுது காயிலை அதுவாகவே இழுக்கவைத்துவிடும்.

தொடர் சுற்றை அளப்பது

மோட்டார் ஸ்டார்ட்டரின் ஹோல்டிங் சுற்றை மனப்பாடமாக வரையத் தெரிய வேண்டும். ஃபியூஸுக்குப் பின் ஓவர்லோடு ரிலேயின் 95-96 டெர்மினல்கள்; அடுத்து ஸ்டாப் பட்டனின் என்சி (அழுத்தாதபோது மூடியிருக்கும்) காண்டாக்ட்; அடுத்து ஸ்டார்ட் பட்டனின் என்ஓ (அழுத்தினால் மூடும்) காண்டாக்ட்; அதற்கு இணையாக, மோட்டாருக்கு மின்சாரம் விடும் பெரிய ரிலேயான காண்டாக்டரின் 13-14 துணைக் காண்டாக்ட்; கடைசியில் காயில் ஏ1, ஏ2. ஸ்டார்ட்டை விட்டபின் 13-14 தான் சுற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மின்சாரம் போய் வந்தால் மோட்டார் தானாக ஓடாதிருப்பது இதனால்தான். ஸ்டாப் என்சியாக இருப்பதால் அதன் வயர் அறுந்தாலும் இயந்திரம் நிற்கும் பக்கமே சாயும்.

ஸ்டார்ட் அழுத்தினால் காண்டாக்டர் இழுக்கவில்லை என்றால் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்புப் புரோபை 0 வோல்ட் டெர்மினலில் நிறுத்திவிட்டு, சிவப்புப் புரோபை ஃபியூஸ், 95, 96, ஸ்டாப்பின் இரு பக்கம் என்று நகர்த்திக்கொண்டே வாருங்கள். ஸ்டார்ட்டுக்குப் பிறகு அளக்கும்போது உடனிருப்பவர் பட்டனை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். 24 எந்த இடத்தில் காணாமல் போகிறதோ அங்கே சுற்று திறந்திருக்கிறது. இதையே ஒரு காண்டாக்டின் குறுக்கே வைத்து அளந்தால், மூடியிருப்பது 0 காட்டும், திறந்திருப்பது 24 காட்டும். குறுக்கே 24 வந்தால் 'சப்ளை நன்றாக இருக்கிறது' என்று நினைப்பது புதியவர்களின் வழக்கமான தடுமாற்றம். காண்டாக்டின் குறுக்கே 24 என்றால் அதுதான் தடை.

கன்டினியூட்டி பீப் ஒலியை நம்பிப் பழுது தேடுவது நல்ல பழக்கமல்ல. பல மீட்டர்கள் 30 ஓம் இருந்தாலும் பீப் கொடுக்கும். 10 வாட் வால்வுக் காயிலை எடுத்துக்கொள்வோம். 24 வோல்ட்டில் 0.42 ஆம்ப் எடுக்கும். அதன் தடை 57.6 ஓம். வழியில் ஒரு டெர்மினல் துருப்பிடித்து 20 ஓம் ஆகியிருந்தால் காயிலுக்குக் கிடைப்பது 17.8 வோல்ட் மட்டுமே. மீட்டர் பீப் அடிக்கும், வால்வு இழுக்காது. காயில் வயரைக் கழற்றிவிட்டு நுனியில் அளந்தாலோ முழு 24 காட்டும், ஏனென்றால் மின்னோட்டம் இல்லாதபோது அந்த 20 ஓம் எதையும் விழுங்குவதில்லை. லோடு (மின்சாரம் வாங்கும் பாகம், இங்கே காயில்) இணைந்திருக்கும்போது, லோடின் இரு முனையிலேயே அளக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் பாதி அலைச்சலைக் குறைக்கும்.

நீளமான கேபிளும் இதே வேலையைச் செய்யும். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 50 மீட்டருக்கு ஏறக்குறைய 1.75 ஓம். நான்கு வால்வுகள் ஒரே 0 வோல்ட் வயரைப் பகிர்ந்துகொண்டால் அதில் 1.67 ஆம்ப் ஓடும். அங்கே மட்டும் 2.9 வோல்ட் போய்விடும். போகும் வயரில் 0.7 சேர்ந்தால் வால்வுக்கு மிச்சம் 20.4 வோல்ட். பொதுவாக அனுமதிப்பது பத்து சதவீதக் குறைவு, அதாவது 21.6. ஒவ்வொரு வால்வும் தனியாகச் சோதித்தால் வேலை செய்யும், நான்கும் சேர்ந்தால் ஒன்று தயங்கும். 0 வோல்ட் திரும்பும் வயரை 1.5 சதுர மில்லிமீட்டராக மாற்றினால் தீரும்.

சென்சார்: பிஎன்பியா என்பிஎன்னா

உலோகம் அருகில் வந்தால் உணரும் மூன்று வயர் ப்ராக்ஸிமிட்டி சென்சாரில் பழுப்பு பிளஸ், நீலம் 0 வோல்ட், கறுப்பு சிக்னல். எம்12 கனெக்டரில் இவை முறையே 1, 3, 4-ஆம் பின்கள்; 2-ஆம் பின் வெள்ளை. பிஎன்பி சென்சார் உலோகத்தைக் கண்டதும் கறுப்பு வயரைப் பிளஸ்ஸுடன் சேர்க்கும். என்பிஎன் அதே கறுப்பு வயரை 0 வோல்ட்டுடன் சேர்க்கும். ஐரோப்பிய இயந்திரங்களில் பெரும்பாலும் பிஎன்பி, ஜப்பானிய இயந்திரங்களில் பெரும்பாலும் என்பிஎன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கத் தொழிற்சாலைகளில் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழ் நிற்கின்றன. ஸ்டோரில் இருந்து அவசரத்துக்கு எடுத்துவரும் சென்சார் அளவிலும் திருகிலும் பொருந்திவிடும். உலோகத்தைக் காட்டினால் அதன் விளக்கும் எரியும். பிஎல்சி கார்டில் மட்டும் விளக்கு எரியாது.

அளந்து பார்த்தால் குழப்பம் நீங்கும். பிஎன்பியில் கறுப்புக்கும் நீலத்துக்கும் நடுவே, ஆஃபில் ஏறக்குறைய 0, ஆனில் 22 வோல்ட்டுக்கு மேல். உள்ளே உள்ள டிரான்சிஸ்டரில் ஒன்றிரண்டு வோல்ட் இறங்குவது இயல்பு. என்பிஎன்னைப் பழுப்புக்கும் கறுப்புக்கும் நடுவே அளக்க வேண்டும்: ஆனில் அங்கே 22 வோல்ட்டுக்கு மேல் காட்டும். பிஎல்சியின் பொதுவான டிசி இன்புட் 15 வோல்ட்டுக்கு மேல் ஆன், 5 வோல்ட்டுக்குக் கீழ் ஆஃப் என்று எடுத்துக்கொள்ளும். நடுவில் ஏதாவது வந்தால் எதுவும் நடக்கலாம். 9 வோல்ட், 11 வோல்ட் என்று அளவு வந்தால் ஈரம் புகுந்த கேபிளையோ அறுந்த 0 வோல்ட்டையோ தேடுங்கள்.

பல பிஎல்சிகள் இரண்டு வகையையும் ஏற்கும். எதை ஏற்கும் என்பதை இன்புட்களுக்குப் பொதுவான காமன் டெர்மினல் தீர்மானிக்கிறது. மிட்சுபிஷி எஃப்எக்ஸ்3யூவில் எஸ்/எஸ் டெர்மினலை 24 வோல்ட்டில் சேர்த்தால் என்பிஎன், 0 வோல்ட்டில் சேர்த்தால் பிஎன்பி. சீமென்ஸ் எஸ்7-1200-ல் 1எம் டெர்மினலுக்கும் இதே கதை: 0 வோல்ட்டில் வைத்தால் பிஎன்பி, 24-ல் வைத்தால் என்பிஎன். ஒரே காமனுக்குக் கீழ் உள்ள இன்புட்கள் அனைத்தும் ஒரே வகையாகத்தான் இருக்க வேண்டும். பிஎன்பி கூட்டத்தில் ஒரே ஒரு என்பிஎன்னைப் போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால் நடுவில் ஒரு ரிலே வையுங்கள்: காயில் 24 வோல்ட்டுக்கும் கறுப்பு வயருக்கும் நடுவே, என்ஓ காண்டாக்ட் வழியாக 24 வோல்ட் இன்புட்டுக்கு. சென்சார் வழக்கமாக 200 மில்லி ஆம்ப் தாங்கும் என்பதால் 37 மில்லி ஆம்ப் காயில் பிரச்சினை இல்லை. ஆனால் ரிலே இழுக்க 10, 20 மில்லி செகண்ட் ஆகலாம். வேகமாக எண்ணும் வேலைக்கு இது உதவாது.

தூரத்தையும் உலோகத்தையும் மறக்கக் கூடாது. முகம் உலோகத்தோடு சமமாகப் பதியும் ஃப்ளஷ் வகை எம்12-க்கு வழக்கமான தூரம் 2 மில்லிமீட்டர், எம்18-க்கு 5, எம்30-க்கு 10. இந்த எண்கள் மைல்டு ஸ்டீலுக்குத்தான். அலுமினியமும் பித்தளையும் வந்தால் ஏறக்குறைய பாதிக்கும் கீழ். மைல்டு ஸ்டீல் பாகத்தில் ஓடிய ஃபிக்ஸ்சரில் அலுமினியப் பாகம் வந்ததும் சென்சார் 'அவ்வப்போது' பார்க்காமல் விட்டால், சென்சாரை மாற்றாமல் இடைவெளியைக் குறையுங்கள். முகத்தில் ஒட்டிய இரும்புத் துருவல் இதற்கு நேர்மாறான பழுதைத் தரும்: பாகம் போன பிறகும் விளக்கு அணையாது.

கையில் மீட்டர் எடுப்பதற்கு முன்பே இரண்டு விளக்குகள் நிறையச் சொல்லிவிடும். சென்சார் விளக்கு எரியவில்லை என்றால் சப்ளை, தூரம், சென்சார் ஆகிய மூன்றில் ஒன்று. சென்சார் விளக்கு எரிந்து கார்டு விளக்கு எரியவில்லை என்றால் கறுப்பு வயர், காமன், அல்லது வகை மாறாட்டம். கார்டு விளக்கும் எரிகிறது, ஆனாலும் இயந்திரம் நகரவில்லை என்றால் அப்போதுதான் லேப்டாப். ஸ்லைடு ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் விளக்கு துடித்தால் கேபிள் செயினுக்குள் வயர் அறுந்திருக்கிறது.

சோதிக்கிறேன் என்று இயங்கும் இயந்திரத்துக்குள் ஸ்க்ரூடிரைவரை நீட்டி சென்சாரை மறைக்காதீர்கள். 24 வோல்ட் கையைச் சுடாது. அது திறந்துவிடும் சிலிண்டர் விரலை நசுக்கும். காற்றை மூடி, அழுத்தத்தை வெளியேற்றி, பூட்டுப் போட்டபின் கையை உள்ளே விடுங்கள். கதவு இன்டர்லாக்கை ஜம்பர் போட்டு ஓட்டிப் பார்ப்பதற்கு எந்த அவசரமும் காரணமாகாது.

காயிலின் உதை, அனலாக், டிரைவ்

டிசி காயிலை அணைக்கும் கணத்தில் அதில் சேர்ந்திருந்த ஆற்றல் நூற்றுக்கணக்கான வோல்ட்டாகத் திருப்பி உதைக்கும். பிஎல்சியின் டிரான்சிஸ்டர் அவுட்புட் போவதற்கு இது முக்கியக் காரணம். காயிலின் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு போதும், கோடு உள்ள முனை பிளஸ் பக்கம். திருப்பிப் போட்டால் நேரடி ஷார்ட். டயோடு உள்ளடங்கிய ரிலேக்களில் காயிலின் எந்தப் பின் பிளஸ், எது மைனஸ் என்று பார்த்து வயர் செய்ய வேண்டும். டயோடு போட்டால் ரிலே விடுவதில் சற்றுத் தாமதம் வரும்.

ஆன், ஆஃப் என்று மட்டும் இல்லாமல் அளவையே சொல்லும் அனலாக் சிக்னலில் 4-20 மில்லி ஆம்ப் முதலில். 0-10 பார் டிரான்ஸ்மிட்டர் 0-வில் 4, 10-ல் 20 தரும், 6.5 பாருக்கு 14.4. சுழியத்துக்கே 4 இருப்பதால் வயர் அறுந்தால் 0 வந்து காட்டிக்கொடுத்துவிடும். பிஎல்சி இன்புட்டைத் தவறுதலாக 0-20 என்று அமைத்திருந்தால் அழுத்தமே இல்லாதபோது 2 பார் காட்டும், 6.5-ல் 7.2 காட்டும், 10-ல் சரியாக 10 காட்டும். மேலே சரி, கீழே போகப் போகப் பிசகு என்றால் டிரான்ஸ்மிட்டரை மாற்றாதீர்கள், அமைப்பைப் பாருங்கள். மில்லி ஆம்ப் அளந்தபின் புரோபை உடனே வோல்ட் துளைக்கு மாற்ற வேண்டும். மறந்துவிட்டு வோல்ட் அளக்கப் போனால் மீட்டரே ஷார்ட் ஆகி அதன் ஃபியூஸ் போய்விடும், அடுத்து அளப்பவருக்கு எல்லா லூப்பும் 0 காட்டும்.

வெப்பநிலை சென்சார்களில் பிடி100 பூஜ்ஜியம் டிகிரியில் 100 ஓம், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.385 ஓம் ஏறும். வயரில் கூடும் ஒவ்வோர் ஓமும் 2.6 டிகிரி பொய் சொல்லும், அதனால்தான் மூன்றாவது வயர். இரு உலோகங்களின் இணைப்பால் வெப்பத்தை அளக்கும் கே வகை தெர்மோகப்பிளைச் சாதாரணச் செம்பு வயரால் நீட்டினால், இணைப்புத் தலை 70 டிகிரியிலும் பேனல் 35-லும் இருக்கும்போது 35 டிகிரி குறைத்துக் காட்டும்.

மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் பற்றித் தொடக்கத்தில் தெரிய வேண்டியது இவ்வளவே: 415 வோல்ட்டில் அதன் டிசி பஸ் 587 வோல்ட்டை ஒட்டி இருக்கும், மெயின் அணைந்தபின்னும் சில நிமிடம் தங்கும். லேபிளில் சொன்ன நேரம் காத்திருந்து, டிசி டெர்மினலை அளந்து உறுதிசெய்தபின் தொடுங்கள். மோட்டாரின் இன்சுலேஷனை மெகரால் சோதிக்கும் முன் யு, வி, டபிள்யூ வயர்களை டிரைவிலிருந்து கழற்றிவிட வேண்டும்.

பயிற்சிப் பலகை

ஐடிஐயில் எலக்ட்ரீஷியன், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் இரண்டும் இரண்டாண்டுப் பிரிவுகள். எதைப் படித்திருந்தாலும் ஒரு பிளைவுட் பலகையும் பாகங்களை மாட்டும் டின் ரெயிலும் கூடவே இருக்கட்டும். அதில் 24 வோல்ட் 2.5 ஆம்ப் எஸ்எம்பிஎஸ், அதன் 230 வோல்ட் பக்கத்துக்கு ஒரு எம்சிபியும் மூடியும், ஃபியூஸ் டெர்மினல் மூன்று, பேஸுடன் 14 பின் ரிலே மூன்று, பச்சை என்ஓ பட்டன், சிவப்பு என்சி பட்டன், இண்டிகேட்டர் விளக்கு இரண்டு, பிஎன்பி ஒன்றும் என்பிஎன் ஒன்றுமாக எம்12 சென்சார், ஒரு 10 வாட் வால்வுக் காயில், 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் 20 மீட்டர், பின் லக், கிரிம்பிங் டூல். காயிலை வால்வு ஸ்டெம்மில் மாட்டியே மின்சாரம் கொடுங்கள். நடுவில் இரும்பு இல்லாத காயிலைப் பழக்கத்துக்குப் பயன்படுத்தினால் இழுக்கிறதா என்பதே தெரியாது. ஒவ்வொரு வயரின் இரு நுனியிலும் ஃபெரூல் நம்பர் (வயரின் அடையாள எண்) போடுவதைப் பலகையிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

முதலில் ஹோல்டிங் சுற்று, பிறகு இரண்டு ரிலே ஒன்றையொன்று தடுக்கும் இன்டர்லாக், பிறகு சென்சாரால் நிற்கும் சுற்று. இவை ஓடியதும் இன்னொருவரைப் பழுது வைக்கச் சொல்லுங்கள்: லக்குக்குள் செம்புக்குப் பதில் தோலைக் கிரிம்ப் செய்தல், 0 வோல்ட் காமனைத் தளர்த்துதல், ரிலே காண்டாக்டுக்கு நடுவே காகிதத் துண்டு, சென்சார் வகையை மாற்றுதல். கடைசியாக 22 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை ஒரு டெர்மினலுக்குப் பின்னால் மறைத்து, முதலில் ரிலேக் காயிலுடனும் பிறகு வால்வுக் காயிலுடனும் தொடரில் வையுங்கள். ரிலேக் காயில் ஏறக்குறைய 650 ஓம், அதற்கு 23.2 வோல்ட் கிடைக்கும், எந்தப் பழுதும் வெளியே தெரியாது. வால்வுக்குக் கிடைப்பது 17.4. குளிர்ந்திருக்கும்போது இழுத்தாலும் இழுக்கும். காயில் சூடேறித் தடை கூடியதும் இழுக்கும் விசை இன்னும் குறைந்து கைவிடும். தொழிற்சாலையில் 'காலையில் ஓடுகிறது, மதியம் நிற்கிறது' என்று எழுதிவைக்கப்படும் பழுதுகளில் இப்படிப்பட்டவை உண்டு. பலகையில் அதை லோடுடன் அளந்து, எண்ணைக் கணக்கிட்டுக் காட்டியபின் அடுத்த பயிற்சிக்குப் போகலாம்.